பூஜ்யமும் காலிக் கட்டமும்

மணவாள நகர், திருவள்ளூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்விக்கு,

ஈஸ்வரி அண்ணி எழுதுகிறேன். நான்கு நாட்களாக என் போனை நீ எடுக்கவில்லை. நேற்று உன் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். "நாத்தனாரும் அண்ணியும் நாளைக்கு ஒண்ணா சேந்துக்குவீங்க. நடுவுல என் போனை இன்னாத்துக்கு கெடுக்குற?" என்று அவர் என்னைக் கடிந்துகொண்டதுதான் மிச்சம். அதனால் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, மடித்துத்தான் வைக்க முடியும்.

கணக்கு தப்பினால் முதல் வரியிலிருந்து போட்டுப் பார்ப்பது என் பழக்கம், உனக்குத் தெரியும். அப்படியே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் பைத்தான் மொழியைப் படித்தேன். உங்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கேஸ் அடுப்பு வால்வுகளின் சோதனைக் குறிப்புகளை மாதக் கடைசியில் கூட்டிக் கழிக்க ஆள் இல்லை என்று உங்கள் மேனேஜர் ஜெரால்ட் அலுத்துக்கொண்டபோது, "எங்க அண்ணி டீச்சர், அவங்க பண்ணிக் குடுப்பாங்க" என்று சொன்னது நீ. நான் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன். அவர் கோப்பை அனுப்புவார், நான் ஓட்டி அறிக்கை அனுப்புவேன். காசு வாங்கவில்லை. ஒரு மைசூர்பாகு டப்பா வந்தது, அதிலும் பாதி உன் அண்ணன் வயிற்றுக்குப் போனது.

மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஓட்டியபோது, உன் சோதனை பெஞ்சில் மட்டும் 412 வால்வுகள் சோதிக்கப்படவில்லை என்று வந்தது. ஜெரால்ட் "அறிக்கை சரிதானா மேடம்?" என்று கேட்டார். நூற்றுக்கு நூறு சரி என்றேன். பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

நீ வேலையில் ஏமாற்றுகிறவள் இல்லை. ஆனால் எண்களும் எனக்குப் பழகிய பிள்ளைகள். இரண்டு பேரில் யாரை நம்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
அண்ணி


கும்மிடிப்பூண்டி
7 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

சாப்பிடுகிறேன்.

போனில் நீங்கள் என்னைக் கேட்டது என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? "உண்மையச் சொல்லு செல்வி, எத்தனைய வுட்ட?" என்று கேட்டீர்கள். "வுட்டியா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். எத்தனை என்று கேட்டால் நான் என்ன சொல்வது? முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேட்ட கேள்வி அது. எனக்கு நாற்பத்தேழு வயது.

போனில் பேசினால் நீங்கள் டீச்சர் ஆகிவிடுகிறீர்கள், நான் பத்தாம் வகுப்போடு நின்ற செல்வி ஆகிவிடுகிறேன். கடிதமே நல்லது. நானும் இப்படியே எழுதுகிறேன்.

என்னைப் பெஞ்சிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். பதினோரு வருஷமாகச் சோதனை பெஞ்சில் இருந்தவள் இப்போது அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். "இன்னாக்கா, பெஞ்சு போரடிச்சிருச்சா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்கள். 25ஆம் தேதி விசாரணை. கேஸ் அடுப்பு வால்வைச் சோதிக்காமல் அனுப்பினாள் என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், இந்தத் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியும் என்னைப் பெஞ்சில் உட்கார வைக்காது. அது நியாயம்தான். நான் மேனேஜராக இருந்தாலும் வைக்க மாட்டேன். வால்வு கசிந்தால் எரிவது ஒருத்தர் வீடு.

நான் கம்ப்யூட்டரில் அடிப்பதோடு சரி என்று விடுவதில்லை. என் கையில் ஒரு நோட்டும் உண்டு. ஒரு வால்வுக்குக் காற்று ஏற்றி, மூடி, ஒரு நிமிஷம் பார்ப்போம். அழுத்த முள் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் கசிவு. பாயிண்ட் இரண்டு வரை இறங்கலாம். அதற்கு மேல் போனால் தள்ளிவிடுவோம். ஜூலை 12 அன்று பத்து வால்வுக்கு நான் எழுதியதை அப்படியே தருகிறேன்.

0, 0.1, 0, 0, 0.15, 0, 0.1, 0, 0, 0.3 (தள்ளியது).

இதில் எதை நான் விட்டேன், உங்கள் நிரலிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இங்கே இருப்பது இரண்டே பெஞ்சு. அடுத்த பெஞ்சு அருணாவுக்கு ஒன்றுகூட விடுபடவில்லையாம். அவள் எப்போதும் பாயிண்ட் ஒன்று என்றுதான் போடுவாள். "சைபர்னு எழுதினா பாக்காமயே எழுதின மாரி இருக்கும்க்கா. பாயிண்ட் ஒண்ணுன்னு போடு, உத்துப் பாத்தவ எழுதின மாரி இருக்கும்" என்று எனக்கே புத்தி சொன்னாள். முள் அசையவில்லை என்றால் அசையவில்லை என்றுதான் நான் எழுதுவேன்.

செல்வி


மணவாள நகர்
10 ஆகஸ்ட் 2025

என் செல்விக்கு,

முதலில் மன்னிப்பு. "எத்தனைய வுட்ட" என்று கேட்டதற்கும், அதற்குப் பிறகு உன்னைத் திருத்துவதற்காக நான்கு நாள் போன் மேல் போன் போட்டதற்கும்.

உன் பத்து எண்களையும் நிரலில் கொடுத்தேன். ஆறு சோதிக்கப்படவில்லை என்றது. அந்த ஆறும் எவை என்று பார்த்தேன். நீ பூஜ்யம் என்று எழுதிய ஆறும்தான்.

காப்பி ஆறிப்போகும் வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பு ஒரே வரியில் இருந்தது. நான் எழுதியது.

if not கசிவு:

கோப்பில் இருப்பதை எண்ணாக மாற்றி, எதுவும் எழுதாத கட்டமாக இருந்தால் அங்கே None என்று வைத்திருந்தேன். None என்றால் மதிப்பே இல்லை என்று பொருள். அதுவரை சரி. பிறகு "கசிவு எழுதியிருக்கிறதா?" என்று கேட்பதாக நினைத்து அந்த வரியை எழுதினேன். ஆனால் பைத்தானின் காதில் அந்தக் கேள்வி வேறு மாதிரி விழுகிறது. "கையில் ஏதாவது இருக்கிறதா?" என்றுதான் அதற்குக் கேட்கும். பூஜ்யம், எழுத்தே இல்லாத சொல், பொருளே இல்லாத பட்டியல், None எல்லாவற்றுக்கும் அது ஒரே மாதிரி "ஒன்றுமில்லை" என்று கை விரிக்கும்.

ஒரு பிள்ளை டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுகிறது, காலியாக இருக்கிறது. இன்னொரு பிள்ளை டிபன் பாக்ஸே கொண்டு வரவில்லை. சோறு இல்லை என்பது இரண்டுக்கும் பொது. ஆனால் முதல் பிள்ளை சாப்பிட்டு முடித்திருக்கிறது, இரண்டாவது பட்டினி. சோறு இருக்கிறதா என்று மட்டும் கேட்கிற டீச்சருக்கு இரண்டு பேரும் ஒன்று. நீ ஒரு நிமிஷம் கண் இமைக்காமல் பார்த்து, கசிவே இல்லை என்று எழுதிய நல்ல வால்வை எல்லாம் என் நிரல் பட்டினிப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டது. வேலை எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு குற்றம் உன் பேரில் ஏறியது. பாயிண்ட் ஒன்று போட்ட அருணா தப்பித்தாள்.

இதில் எனக்குத் தாங்காதது என்ன தெரியுமா? மதிப்பெண் பட்டியலில் பூஜ்யம் வாங்கியவனுக்குப் பூஜ்யமும், பரீட்சைக்கு வராதவனுக்கு ஆப்சென்ட் என்றும் முப்பத்து நான்கு வருஷம் தனித்தனியாக எழுதியவள் நான். வராத பிள்ளைக்குப் பூஜ்யம் போட்ட ஒரு புது டீச்சரிடம், "அந்தப் பிள்ளை எழுதித் தோத்துச்சா, எழுதவே இல்லையா? ரெண்டும் ஒண்ணா?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

வரியை மாற்றிவிட்டேன்.

if கசிவு is None:

இப்போது அது சுற்றி வளைக்காமல் ஒன்றை மட்டும் கேட்கிறது: இந்தக் கட்டத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார்களா? பூஜ்யம் வந்தால் அதுவும் ஒரு எண் என்று வாங்கிக்கொள்ளும். மூன்று மாதக் கோப்பையும் மறுபடி ஓட்டிவிட்டு ஜெரால்டுக்கு எழுதுகிறேன்.

அண்ணி


கும்மிடிப்பூண்டி
13 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பேக்கிங் செக்ஷனில் டீ நேரத்தில் படித்தேன். டிபன் பாக்ஸ் கதையைச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். "உங்க அண்ணி நல்லா சொல்லிக் குடுக்கறாங்க. மொதல்லயே அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்திருந்தா நீ டேப் ஒட்டிகினு இருக்க மாட்ட" என்றாள் அருணா. நானும் சிரித்துவிட்டேன்.

கோபம் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, முக்கால் போய்விட்டது. மீதியை நேரில் வரும்போது சண்டையாகப் போட்டுக்கொள்ளலாம். அண்ணன் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? நடக்கிறாரா? மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

ஜெரால்ட் சாரிடம், "எங்க அண்ணி திருப்பி ஓட்டறாங்க சார். ஒண்ணுகூட வராது பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர், "வராம இருந்தா எனக்கும் சந்தோஷம்தாம்மா. ஆனா ஒண்ணு வந்தாலும் வந்ததுதான். நானூறுக்கு ஒரு ரூலு, ஒண்ணுக்கு ஒரு ரூலு கெடையாது" என்றார். சொல்லட்டும். பதினோரு வருஷத்தில் ஒரு வால்வை நான் பார்க்காமல் விட்டதில்லை. பூஜ்யம் என்று வரும். உங்கள் பூஜ்யம்.

அறிக்கை வந்ததும் எழுதுங்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறேன்.

உங்கள் செல்வி


மணவாள நகர்
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்விக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

412இல் 410 வால்வுகள் நீ பூஜ்யம் என்று எழுதியவை. அவை எல்லாம் தீர்ந்தன. இரண்டு நிற்கின்றன. வால்வு எண் 4471, 4472. எண்ணை அடித்திருக்கிறாய், கசிவு என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. பூஜ்யமும் இல்லை. புள்ளிகூட இல்லை. நானூற்றுப் பத்து பொய்க் குற்றத்துக்கு அடியில் இந்த இரண்டும் இரண்டு மாதமாகக் கண்ணில் படாமல் இருந்திருக்கின்றன. பழைய வரி நேர்மையாக எழுதியவளையும் திட்டியது, உண்மையில் விட்டுப்போனதையும் மறைத்தது.

தேதி ஜூன் 19. நேரம் காலை பதினொன்று இருபது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் இதைப் படிக்கும்போது புரியும். உன் அண்ணனுக்கு நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, உன் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டு, செல்வியை உடனே அனுப்புங்கள் என்று அழுதவள் நான்தான். மணி அப்போது பதினொன்றேகால் இருக்கும்.

உன் அண்ணனிடம் தேதியைச் சொல்லவில்லை. இரண்டு கட்டம் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "இதுக்கு இன்னா பேஜாரு? ரெண்டுலயும் பூஜ்யம் போட்டு அனுப்பு. அவ எழுதறது பாதி பூஜ்யம்தான, யாரு கேக்கப் போறா?" என்றார். கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது. போடுவதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அந்த அரை நிமிஷத்தை நான் இரண்டு நாளாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். உன் பதினோரு வருஷத்தைக் கெடுக்க நான் யார் என்று ஒரு பக்கம். அந்த இரண்டு வால்வும் இப்போது யார் வீட்டு அடுப்பில் இருக்கிறதோ என்று இன்னொரு பக்கம்.

இன்னும் ஜெரால்டுக்கு எதுவும் அனுப்பவில்லை. நீ சொல். நீ எதைச் சொன்னாலும் உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அண்ணி


கும்மிடிப்பூண்டி
19 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 19. 4470க்கு எதிரில் 0.1 இருக்கிறது. 4471, 4472 எழுதியிருக்கிறேன், எதிரில் எதுவும் இல்லை. எங்கள் பெஞ்சில் இரண்டு வால்வை ஒரே நேரத்தில் மாட்டுவோம். மாட்டிக் காற்று ஏற்றும்போது செக்யூரிட்டி ஓடி வந்தார். "செல்விம்மா, ஊட்லேர்ந்து போன், அண்ணனுக்கு முடியலயாம்" என்றார். இரண்டையும் கழற்றினேன். எங்கே வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கைப் பழக்கத்தில் நல்ல வால்வுத் தட்டில்தான் வைத்திருப்பேன். மறுநாள் வந்தபோது தட்டு போய்விட்டிருந்தது. அண்ணன் கண் திறந்த சந்தோஷத்தில் நான் எதையும் கேட்கவில்லை.

ஒன்றுகூட வராது என்று ஊரெல்லாம் சொன்னேனே, அண்ணி. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. உங்கள் மேல் கோபம் வந்தது. அந்த வரியை மாற்றாமலே இருந்திருந்தால் பூஜ்யத்தால் வந்த வினை என்று சொல்லி மொத்தமாகத் தப்பித்திருப்பேனே என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

பூஜ்யம் போட வேண்டாம். பாயிண்ட் ஒன்று போடுகிற அருணாவைக் கிண்டல் செய்தவள் நான். பார்க்காத வால்வுக்குப் பூஜ்யம் போட்டால், பார்த்துப் போட்ட 410 பூஜ்யத்துக்கும் மதிப்பு இல்லை. இருப்பதை இருக்கிறபடி அனுப்புங்கள். 25ஆம் தேதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வால்வைத் தேட வேண்டும்.

அண்ணனுக்கு மட்டும் தேதி தெரிய வேண்டாம். தன்னால்தான் என்று உட்கார்ந்துகொள்வார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு.

செல்வி


மணவாள நகர்
21 ஆகஸ்ட் 2025

செல்வி,

அனுப்பிவிட்டேன். 410 குற்றம் என் வரியில் வந்த பிழை என்றும், இரண்டு உண்மையில் விடுபட்டவை என்றும், அதை மறைக்காமல் அனுப்பச் சொன்னது நீயே என்றும் எழுதியிருக்கிறேன். நிரலைச் சோதித்துப் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சரி என்று சொன்னது என் தவறு, அதற்கு நான் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கிறேன் என்றும் எழுதினேன். ஒரு வால்வுக்குப் பூஜ்யம், ஒன்றுக்குப் பாயிண்ட் ஒன்று, ஒன்றுக்குக் காலிக் கட்டம் என்று மூன்றைக் கொடுத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே பிழை தெரிந்திருக்கும். மூன்று கணக்கு போட்டுப் பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சூத்திரம் எழுதிப் போட்டதில்லை நான். இதில் போட்டுவிட்டேன்.

ஜெரால்டின் பதில் இன்னும் வரவில்லை. மெயிலை முதலில் திறப்பது உன் அண்ணன்தான், உனக்குத் தெரியுமே. அதனால் தேதி, காரணம் எதையும் எழுதவில்லை. வால்வு எண் மட்டும்.

விசாரணைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நாஷ்டா சாப்பிட்டுப் போ.

அண்ணி


கும்மிடிப்பூண்டி
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நிறைய எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லை, எழுதுகிறேன்.

உங்கள் மெயில் வந்த மறுநாளே ஜெரால்ட் சார் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. பெட்டி எண்களைப் பார்த்தார். அந்த இரண்டும் ஒரே பெட்டியில் ஆரணியில் உள்ள ஒரு அடுப்பு ரிப்பேர் கடைக்குப் போயிருந்தன. "கம்பெனி ஆளை அனுப்பறேன்" என்றார். "நான் போறேன் சார். என் கை வுட்டது" என்றேன். அருணாவையும் கூட அனுப்பினார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள், "இனிமே முள்ளு இன்னா காட்டுதோ அதத்தான் எழுதுவேன்க்கா" என்றாள்.

கடைக்காரர் வயதானவர். விஷயத்தைச் சொன்னதும், "இன்னாம்மா இது, ரெண்டு வால்வுக்கு ரெண்டு பேர் பஸ் ஏறி வந்துகிறீங்க" என்று சிரித்தார். 4471 கடையிலேயே இருந்தது. 4472ஐப் பத்து நாள் முன்னால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு அடுப்பில் போட்டிருந்தார். எங்களோடு அவரும் வந்தார்.

வாசலில் நின்றபோதே எனக்கு வாடை தெரிந்தது. அந்த வீட்டு அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "புது வால்வுன்னா கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ஜன்னல தொறந்து வெச்சிகினுதான் சமைக்கிறேன்" என்றார். கூடத்தில் ஒரு குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மூடினேன். ஜன்னல் கதவெல்லாம் திறந்தோம். வாடை போகும்வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருவில் நின்றோம். பிறகு சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்து, வால்வில் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி வந்துகொண்டே இருந்தது. அருணா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் அதைக் கழற்றி வேறு வால்வு போட்டார், நான் அதையும் சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

கம்பெனிக்கு வந்து இரண்டையும் பெஞ்சில் மாட்டிப் பார்த்தோம். 4471 பூஜ்யம். 4472 பாயிண்ட் ஒன்பது. நானே எழுதினேன்.

நீங்கள் அரை நிமிஷத்தில் பூஜ்யம் போட்டிருந்தால், அண்ணி. அதை நான் மேலே எழுதப் போவதில்லை.

25ஆம் தேதி விசாரணை நடந்தது. 410 என் பேரிலிருந்து எடுத்துவிட்டார்கள், அதைத் தாளில் எழுதி எல்லோர் முன்னாலும் படித்தார்கள். இரண்டுக்கு எச்சரிக்கை. இன்னும் மூன்று மாதம் பேக்கிங், அதன் பிறகு பெஞ்சு. நான் சரி என்றேன். குறைவாகக் கொடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். இனி கசிவு எழுதாமல் கம்ப்யூட்டர் அடுத்த வால்வுக்குப் போகவிடாது, அதைச் செய்துதர உங்களைத்தான் கேட்கப் போகிறார்கள். இந்த முறை பூஜ்யம், பாயிண்ட் ஒன்று, காலி மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மைசூர்பாகு நான் வாங்கி வருகிறேன், அண்ணன் கண்ணில் படாமல்.

விசாரணையில் எனக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பெஞ்சு எண், வால்வு எண், தேதி என்று வரிசையாக இருந்தது. தேதியில் மட்டும் ஜூன் மாதம் என்று பொதுவாகப் போட்டேன். கடைசியில் "பெஞ்சை விட்டுச் சென்ற காரணம்" என்று ஒரு கட்டம். அதை எழுதியிருந்தால் எச்சரிக்கைகூட வந்திருக்காது என்று அருணா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் படிவத்தின் நகல் உங்களுக்கு மெயிலில் வருமாம். முதலில் திறப்பது யார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

ஜெரால்ட் சார் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கடைசிக் கட்டம் காலியா இருக்கு. மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"மறக்கல சார். தெரிஞ்சிதான் வுட்டேன்" என்றேன்.

உங்கள்,
செல்வி